சின்னானுக்குச் செள்ளு

“கடிக்காதுன்னு உங்க தம்பிதான் சொல்றாரு. பாம்பு சொல்லுச்சா அக்கா?”

அரிசிக் கிடங்கின் வாசலைத் தாண்டாமல் கேட்டாள் வெள்ளையம்மா. அவள் புருசனைத் தம்பி என்று கூப்பிடுகிற பக்கத்து வீட்டு அங்கம்மா உள்ளே போய்ப் பார்த்தாள்.

கோத்தா திங்கி கடைத்தெருவில் அவள் புருசன் காளியப்பனின் அரிசிக் கடையை எல்லோருக்கும் தெரியும். எலிக்காக அவன் வளர்த்துவந்த மலைப்பாம்பு சின்னானையும் தெரியும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெள்ளையம்மா மட்டும் அதைச் சரியாகப் பார்த்ததில்லை. அது எதிரே வந்தாலே கண்ணை மூடிக்கொள்வாள். முந்தின நாள், “இதை வச்சுக்கிட்டு என்னால குடித்தனம் பண்ண முடியாது” என்று அழுதே விட்டாள். காளியப்பன் விடிகாலையில் அவள் எழுந்திருக்குமுன் மாசாய் ஊருக்கு லோரி ஏறிவிட்டான். கோபமாகத்தான் போயிருப்பான் என்று அவளுக்கு மனசு உறுத்தியது.

இப்போது பார்த்தால் பாம்பு ஆற்றோரத் தாழ்வாரத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் கிடந்தது. மூக்கு மட்டும் வெளியே தெரிந்தது.

“செத்துருச்சா?”

“மூச்சு விடுது. ஆனா தண்ணில என்னமோ மிதக்குது பாரு.”

மிளகைப் பொடித்துத் தூவியதுபோலக் கறுப்புப் புள்ளிகள். ஒன்று அங்கம்மாவின் விரலில் ஏறி நடந்தது.

வெள்ளையம்மா கிட்டே வந்தாள். தாய்வீட்டில் கோழி வளர்த்தவள். “இது செள்ளு அக்கா. கோழி ரத்தத்தைக் குடிக்குமே, அந்த மாதிரி. செதிலுக்குள்ள பூந்துக்கிட்டுக் கடிக்குது. அரிப்புத் தாங்காமத்தான் தண்ணில கிடக்கு.”

“மண்ணெண்ணெய் ஊத்து. ஓடிரும் லா.”

“பாம்பும் போயிரும். அப்புறம் நான்தான் கொன்னேன்னு அவரு நினைப்பாரு.”

சாப்பிட உட்காருமுன் பாம்போடு நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிற மனுசன். அதை நினைத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கண்ணை மூடாமல் கையை நீட்டினாள்.

பாம்பு சீறியது.

“சீறாதே. நான் உங்கப்பன் பொண்டாட்டி.”

“இது யாரையும் இப்படிச் சீறினதில்லையே” என்று அங்கம்மா பின்னால் நகர்ந்தாள்.

“நோவு வந்தா மனுசனே சீறுறான் அக்கா. கிடங்குல கிடக்கிற பழைய சாக்கையெல்லாம் எடுத்து எரிச்சிருங்க. முட்டை அதுலதான் இருக்கும். பலகை இடுக்குல கொதிதண்ணி ஊத்துங்க.”

வெதுவெதுப்பான தண்ணீரில் பாம்பைக் குளிப்பாட்டினாள். வெள்ளைத் துண்டால் துடைக்கத் துடைக்கத் துண்டு கறுத்தது. கண்ணோரத்திலும் தாடைக்கடியிலும் அப்பியிருந்ததைத் தேங்காயெண்ணெயில் தோய்த்த கோழியிறகால் வழித்தெடுத்தாள். பிறகு உடம்பு முழுக்க எண்ணெய் தடவினாள். தடவத் தடவப் பாம்பு அடங்கி, அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டது.

இதற்கா இத்தனை நாள் பயந்தோம் என்று அவளுக்கே சிரிப்பு வந்தது. தோல்கூட அழகாகத்தான் இருந்தது.

“ரொம்ப மெலிஞ்சு கிடக்கான் அக்கா. நாளைக்கு ஒரு கோழி போடணும்.”

“உன் வீட்டுக்காரரு இதைப் பாத்தா மயங்கி விழுந்துருவாரு” என்று சொல்லிக்கொண்டே அங்கம்மா வீட்டுக்குப் போனாள்.

சாயங்காலம் கடை முன்னால் லோரி நின்றது. மடியில் இருந்ததை அசைக்காமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள் வெள்ளையம்மா.

“இனி நீ பயமில்லாம கிடங்குக்குள்ள போலாம் வெள்ளையம்மா.” வாசலிலிருந்தே சொன்னான் காளியப்பன். “காலையிலேயே சின்னானைக் கூடையில போட்டுக் கொண்டுபோய், மாசாய்ல அரிசி யாவாரி ஐயாசாமி கடையில விட்டுட்டு வந்துட்டேன்.”

வெள்ளையம்மாவின் மடியில், யார் பெற்ற பிள்ளையோ, சுகமாக நாக்கை நீட்டியது.