வெள்ளை முளை

பாலிந்தின் வீட்டுக் கதவை உதைத்துத் திறந்த ரவுடி லோரண்ட், அவன் மூக்கில் ஓங்கிக் குத்தினான். அடுப்படி ஜாடியில், கஞ்சா விதைகள் ஈரத்தில் ஊறி, வெடித்து, வெள்ளை முளை நீட்டியதுபோல் இருந்தன.

“அண்ணே, அது வந்து...”

“வாயத் தொறந்த, கொன்னுடுவேன்!”

அடுத்த குத்தில் முன்பல் இரண்டும் தெறித்தன.

ஜாடியைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போன லோரண்ட், விதைகளைத் தொட்டிகளில் ஊன்றி, விளக்குச் சூட்டில் பச்சைப்பிள்ளை போலக் காத்தான். ஒன்றும் தலைகாட்டவில்லை. கிளறிப் பார்த்தால் எல்லாம் அழுகல்.

திரும்பி வந்து பாலிந்தின் கழுத்தில் கத்தியை வைத்தான். “என்னத்தடா கலந்த? இப்ப வாயத் தொற!”

“அன்னைக்கே தொறந்தேன், நீதான் ஒடச்ச,” என்றான் பாலிந்த். “திசா ஆத்துக் கெண்டைக்குத் தூண்டில் இரையாப் போட வேகவச்ச விதைண்ணே அது. வெந்து வெடிச்சத முளைன்னு தூக்கிட்டுப் போயிட்ட!”