பாசி வாரும் நாள்

ஹில்டா தன் கணவர் கிளிஃபர்டின் சக்கர நாற்காலியைத் தள்ளி வந்து ஜன்னலை ஒட்டி நிறுத்தினாள். தலை சாயாமல் இருக்க ஒரு தலையணையைச் செருகினாள். முழங்காலில் கம்பளியைப் போர்த்தி, குனிந்து அவர் காதில் ஏதோ கேட்டாள். பிறகு கம்பிப் பல் வாரியோடு தோட்டத்தில் இறங்கினாள்.

வேலிக்கு இந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு வினிஃப்ரெட்டுக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. அந்தப் புல்வெளிதான் கிளிஃபர்டின் உயிர். யார்க்‌ஷயரின் அந்தக் கிராமத்தில் அதற்கு ஈடு கிடையாது.

அந்த வீட்டில் புல்லை மிதித்தால் கிளிஃபர்டின் பெல்ட்தான் பேசும். மகன் நைஜல்கூடப் பந்தை எடுக்க ஓடி அடி வாங்கியிருக்கிறான். மீசை முளைத்ததும் வீட்டை விட்டுப் போனவன், ஒரு கிறிஸ்துமஸுக்கும் வரவில்லை.

நவம்பரில் பக்கவாதம் வந்து கிளிஃபர்டுக்குப் பேச்சு போய்விட்டது. அசைவது இடக்கை மட்டும்தான். வருஷா வருஷம் புல்லில் பாசி வாருவது அவர்தான்; இந்த வசந்தத்தில் வாரியை யார் எடுப்பார்கள் என்று வினிஃப்ரெட்டே கவலைப்பட்டிருந்தாள்.

ஹில்டா ஆவேசமாக வாரினாள். பாசியும் செத்த புல்லும் கொத்துக் கொத்தாக வந்தன. ஏப்ரலில் வாரிய புல்வெளி எல்லாமே சொறி பிடித்த நாய் மாதிரிதான் இருக்கும். விதை தூவினால் ஜூனில் பட்டு விரித்துவிடும்.

"போதும்டி! மொட்டையே அடிச்சிட்ட!"

"குறுக்கால இன்னொரு தடவை வாரணும் வினி. அவர் அப்படித்தான் செய்வாரு."

டொக், டொக். கிளிஃபர்ட் விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். கன்னம் நனைந்திருந்தது.

"பாத்தியா, வாய் போனாலும் அதிகாரம் போகல. அங்கிருந்தே மேஸ்திரி வேலை பாக்குறாரு!" வினிஃப்ரெட் அவருக்குக் கையசைத்தாள். ஹில்டாவும் திரும்பிச் சிரித்துக் கையசைத்தாள்.

"என் வீட்டுக்காரன் இப்படிக் கிடந்தா, ஹோம்ல தள்ளிட்டு நான் ஸ்பெயினுக்குக் கிளம்பியிருப்பேன். நீ தேவதைடி."

ஹில்டா வாரியைத் தரையில் ஊன்றி மூச்சு வாங்கினாள். கிளறிய மண்ணில் ஒரு ராபின் குருவி வந்து புழு தேடியது. தட்டும் சத்தம் மட்டும் நிற்கவில்லை.

"விதை வாங்கிட்டியா? மழைக்கு முன்னாடி தூவிடு."

"விதை எதுக்கு? திங்கக்கிழமை காங்கிரீட் போட வர்றாங்க. கார் நிறுத்த."

வினிஃப்ரெட்டின் கையில் இருந்த ஈரத் துணி அப்படியே நின்றது. "இங்கயா? அவருக்குத் தெரியுமா?"

"காலையில எழுப்பினதும் முதல்ல அவர்கிட்டதான் சொன்னேன்."

வினிஃப்ரெட் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

"அவங்களே மிஷினை வெச்சுத் தோண்டிடுவாங்களேடி. நீ ஏன் இப்படிக் கிடந்து வாரிக்கிட்டிருக்க?"

ஹில்டா கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, குறுக்கே வார ஆரம்பித்தாள்.

"அவங்க அரை மணியில முடிச்சிடுவாங்க வினி. அவர் ஆற அமரப் பாக்க வேணாமா?"