பதினோரு மணிப் பேரம்

“தாய் குவெய் லெ” என்று சொல்லிவிட்டு நீல பிளாஸ்கை மேஜைமேல் வைத்தார் லிப்ட்காரர். விலை ரொம்ப ஜாஸ்தி என்று அர்த்தம்.

சீனக் கடைக்காரம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டிக் காட்டினார். நேற்று பேசிப் பேசிப் பாதிக்குக் கொண்டுவந்த விலை, இன்றைக்கு மறுபடி மலையேறி உட்கார்ந்திருந்தது.

“பியென்யி இதியென்” என்றார் இவர். கொஞ்சம் குறைங்க. அந்தம்மா தலையை ஆட்டியபடி மாண்டரினில் மடமடவென்று என்னவோ சொன்னார். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது.

நாற்பது வருடம் லிப்ட் பழுது பார்த்தவர் என்பதால் அவர் லிப்ட்காரர். மனைவி போய் இரண்டு வருடமாகிறது. மூன்று அறை வீட்டில் அவர் ஒரே ஆள். ஒரு நாள் மழைக்கு ஒதுங்க, பாதி தூக்கியிருந்த இந்தக் கடை ஷட்டருக்குள் குனிந்து நுழைந்தார். அட்டைப் பெட்டிகளை ஒதுக்கி, நாற்காலி போட்டு உட்காரவைத்து, அந்தம்மா என்னவோ கேட்டார். இவர் பதில் தெரியாமல் திருதிருவென்று விழித்தார்.

அன்றைக்கே போனில் மாண்டரின் பாடம் தேடினார். இலவசமாகக் கிடைத்தது ‘கடைவீதி’ என்ற ஒரே ஒரு பாடம். ஒரே சொல்லைக் குரல் ஏற்றிச் சொன்னால் ஒரு அர்த்தம், இறக்கிச் சொன்னால் வேறு. ஏற்றுவதும் இறக்குவதும் ஆயுசு முழுக்கச் செய்த வேலையாயிற்றே, விடுவாரா? ஒரு வாரம் ஷவர் குழாயிடம் விலை கேட்டுப் பழகினார்.

பிறகு தைரியமாகப் போய், கைக்கு எட்டிய முதல் சாமானைத் தூக்கி, “துவோ ஷாவ் சியென்?” என்றார். என்ன விலை? அந்தம்மா இவரையும் பிளாஸ்கையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் பெட்டி ஒன்றைக் கிளறிக் கால்குலேட்டரைத் தேடி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை வெளியூர் மகன் பேசியபோது, பெருமையாகப் பத்து வரை எண்ணிக் காட்டினார்.

“என்னப்பா இது, இந்த வயசுல பிசினஸா?”

“பேரம் பேசத்தான்டா.”

“நீங்களா? அம்மா பேரம் பேசினா, மானம் போகுதுன்னு ரோட்டுக்கு அந்தப் பக்கம் போய் நிப்பீங்களே.”

“ஆமா. நின்னேன்.”

“சரிப்பா, இன்னொரு கால் வருது. வெச்சுடறேன்.”

உண்மையில் அவருக்கு பிளாஸ்க் வேண்டவே வேண்டாம். வீட்டில் இரண்டு சும்மா கிடக்கின்றன. தினம் பதினோரு மணிக்கு அங்கே பேரம் பேசுகிற இருபது நிமிடம்தான் நாள் முழுக்க அவர் வாய் திறக்கிற நேரம். பேரம் படிந்துவிட்டால் மறுநாள் எந்த முகத்தோடு வந்து நிற்பது என்பது ஒன்றுதான் அவருடைய பயம். அதனால் அந்தம்மா ஒரு படி இறங்கினால், இவர் இரண்டு படி இறங்குவார்.

ஒரு நாள் குறை கண்டுபிடிக்க மூடியைத் திறந்து முகர்ந்தார். லேசாக டீ வாசனை. “ஜியோ த” என்று மூக்கைப் பொத்திக் காட்டினார். பழசு. அந்தம்மா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். ஒருவரைச் சிரிக்கவைத்து எத்தனை காலமாயிற்று என்று வீடு திரும்பும் வழியெல்லாம் நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை வழக்கம்போல அடிமாட்டு விலை ஒன்றைச் சொன்னார். அந்தம்மா கால்குலேட்டரைத் தொடவேயில்லை.

“ஹாவ்.”

சரி என்று அர்த்தம். லிப்ட்காரர் வேறு வழியில்லாமல் பர்ஸை எடுத்தார். அந்தம்மா பணத்தை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, பிளாஸ்கைச் செய்தித்தாளில் சுற்றி நீட்டினார். முகத்தைப் பார்க்கவில்லை. தொல்லை விட்டால் போதும் என்று தள்ளிவிட்டார் என்றே இவருக்குப் பட்டது. அன்று சாப்பிடப் பிடிக்காமல் படுத்துவிட்டார்.

காலையில் பாடத்தின் கடைசி வாக்கியம் ஞாபகத்துக்கு வந்தது. “நெங் ஹுவான் மா?” மாற்றித் தர முடியுமா? வேறு நிறம் கேட்கலாம். ஒரு நிறத்துக்கு ஒரு மாதம் என்று வைத்தாலும் வருடம் ஓடிவிடும். கண்ணாடி முன் இருபது தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, பொட்டலத்தோடு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

ஷட்டர் முழுக்க மூடியிருந்தது. பக்கத்துக் கடைப் பூட்டுக்காரர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து பூட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

“இன்னிக்குக் கடை லீவா?”

“புது ஆள் வர்றாங்க சார், பூட்டு மாத்தறேன். அந்தம்மாவை நேத்து சாயங்காலம் பொண்ணு வந்து கையோட கூட்டிட்டுப் போயிடுச்சு.”

“நேத்துகூட வியாபாரம் நடந்துச்சே.”

“எங்க சார்? கடையை மூடி ரெண்டு மாசமாச்சு. உள்ள இருந்ததெல்லாம் வெறும் பெட்டி. எப்பவோ கிளம்ப வேண்டியவங்க, என்னமோ நாளைத் தள்ளிக்கிட்டே இருந்தாங்க. தினம் பதினோரு மணிக்கு வந்து, ஷட்டரைப் பாதி தூக்கி வெச்சுட்டு உக்காந்திருப்பாங்க.”

லிப்ட்காரர் மெதுவாகச் செய்தித்தாளைப் பிரித்தார். “சரக்கே இல்லேன்னா, அப்ப இது?”

பூட்டுக்காரர் எட்டிப் பார்த்தார்.

“அவங்க டீ குடிக்கிற பிளாஸ்க்காச்சே சார் இது.”