கதவுக்கும் நிலைக்கும்

வங்கியிலிருந்து வந்தவர் வாசல் கதவை ஒட்டியிருந்த ஜன்னல் கம்பி வழியாகச் சொன்னார். "அடமானத்த நீங்க மீட்கல. வீடு இப்ப பேங்க் கைக்கு வந்தாச்சு சார். ஏலம் முடியற வரைக்கும் உள்ள இருந்துக்கலாம். நோட்டீஸ மட்டும் கிழிச்சிராதீங்க, கேஸாயிரும்."

அவர் போனதும் நல்லசிவம் வெளியே போகக் கதவை இழுத்தார். காகிதம் இழுபடும் சத்தம் கேட்டது. நோட்டீஸைக் கதவுக்கும் நிலைக்கும் சேர்த்து ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வேறு வாசல் இல்லை. கதவை மெல்ல விட்டார்.

மூன்று நாட்களாகப் பாலும் காய்கறியும் ஜன்னல் வழியாகவே வந்தன. வேலைக்கு வராததைக் கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றார்.

நான்காம் நாள் பகலில் அடித்த சாரலில் நோட்டீஸ் ஊறிப் பாதி உரிந்து தொங்கியது. அதைக் கம்பி வழியாகப் பார்த்த நல்லசிவத்துக்கு மூச்சு வந்தது.

"தானா விழட்டும் கோமதி. அப்புறம் நம்மள யாரு கேப்பா?"

"நாமதான் கிழிச்சோம்பாங்க" என்றாள் மனைவி. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டிலிருந்து நாலு சோற்றுப் பருக்கைகளை எடுத்து மசித்தாள். தோள்வரை கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, நோட்டீஸை நிலையோடு சேர்த்து அழுத்தினாள். அது காயும்வரை கையை எடுக்கவில்லை.