அந்தி சர்பத், மாதத் தேடல் பத்து

பட்டியலின் கடைசி வரிசையில் அது இருந்தது.

அந்தி சர்பத். மாதத் தேடல்: பத்து.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். மீண்டும் அணிந்து பார்த்தாள்.

மாறவில்லை.

சர்பத் நிறுவனம் ஒன்றின் இணையதளத்திற்குக் கோடைகாலப் பக்கங்களைத் திட்டமிடுவது அன்றைய பணி. மக்கள் எந்தச் சொல்லை எவ்வளவு தேடுகிறார்கள் என்பதைக் கருவி காட்டும். மிகுதியாகத் தேடப்படும் சொல்லுக்கு ஒரு பக்கமும் ஒரு விளம்பரமும் கிடைக்கும். நூற்றுக்குக் குறைந்த சொல்லின் மீது சிவப்பு நிறம் இட்டு நீக்கிவிட வேண்டும். அலுவலகத்தின் விதி அது.

நன்னாரி சர்பத்தைப் பல்லாயிரம் பேர் தேடினர். எலுமிச்சை சர்பத்தை அதனினும் பலர்.

ஆனால் அந்தி சர்பத் என்னும் பெயரை உலகில் இருவர் மட்டுமே அறிவர்.

ஒருத்தி அவள்.

மற்றொருத்தி பிளாரன்ஸ்.

தூத்துக்குடியில், உப்பளத்திலிருந்து ஊருக்குள் திரும்பும் சாலையில், இருவரும் கூட்டாக நடத்திய சிறு கடை. பலகையில் ஸ்பெஷல் சர்பத் என்றே எழுதியிருந்தது. வருபவர்களும் அவ்வாறே கேட்டு வாங்கினர். அந்தி என்பது கல்லாவுக்குப் பின்னால் இருவரும் தமக்குள் வழங்கிய பெயர். உப்பளத்து ஆட்கள் வேலை முடிந்து வரும் வேளைக்கென்று கலக்கிய பானம். நன்னாரியும் மாதுளைச் சாறும் சேர்ந்தவுடன் கண்ணாடித் தம்ளருக்குள் மேற்கு வானத்தின் நிறம் வந்துவிடும்.

கலக்குவது அவள். தோளுக்கு மேலாக எட்டிப் பார்ப்பது பிளாரன்ஸ்.

"ஏட்டி, உப்பு போட்டியா?"

ஒவ்வொரு தம்ளருக்கும் அதே கேள்வி. பகல் முழுவதும் வெயிலில் நின்று வியர்த்த உடம்புக்கு வெறும் இனிப்பைக் கொடுப்பது பாவம் என்பது பிளாரன்ஸின் கட்சி.

போட்டுவிட்டேன் என்றால் முகம் சுளித்து நம்பாமல் நிற்பாள். போடவில்லை என்றாலோ, கழுவிக்கொண்டிருக்கும் தம்ளரை அப்படியே போட்டுவிட்டு ஈரக்கையோடு ஓடி வருவாள்.

அவளை ஓடி வரச் செய்வதற்காகவே அந்தப் பொய் பலமுறை சொல்லப்பட்டது.

பின்னர் சாலையை அகலப்படுத்தினர். கடை போயிற்று. அவள் மகளுடன் கோயம்புத்தூருக்கு வந்து, இந்த வயதில் கணினி கற்று, இந்த நாற்காலியில் அமர்ந்தாள். பிளாரன்ஸ் தன் அண்ணன் வீட்டுக்குச் சென்றாள். எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கைப்பேசி எண்தான் இருக்கிறதே.

ஒருநாள் அந்த எண்ணை அழைத்தபோது முன்பின் அறியாத ஓர் ஆண்குரல் பேசியது. எண் கைமாறிவிட்டிருந்தது.

அதன்பின் ஒன்றுமில்லை.

இப்போது, பத்து.

அடுத்த நாற்காலியில் சுபாஷிணி. வயதில் இளையவள், வேலையில் மூத்தவள். அவளிடம் திரையைக் காட்டினாள். பிளாரன்ஸைப் பற்றியும் சொன்னாள். சொல்லும்போதே குரல் உயர்ந்துவிட்டது.

சுபாஷிணி பொறுமையாக விளக்கினாள். பத்து என்றால் பத்துப் பேர் என்று பொருளல்லவாம். ஒருவரே சிலமுறை தேடினாலும் கருவி பத்து என்றே காட்டுமாம். பிறகு, நாள்தோறும் சாப்பாட்டு வேளையில் இவள் செய்வதைத் தான் கண்டிருப்பதைச் சொன்னாள்.

"அக்கா, நீங்களே தேடிட்டு, யாரோ தேடுறாங்கன்னு நீங்களே சந்தோஷப்படுறீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

உண்மைதான். சோற்றுப் பாத்திரத்தை மூடியதும் அந்தப் பெயரைத் தட்டிப் பார்ப்பது அவளுக்கு வழக்கம். எதுவும் வராது. மூடிவிட்டு வேலைக்குத் திரும்புவாள்.

யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து சென்றால், தட்டியது தன் கையே.

வரிசையைத் தேர்ந்தெடுத்தாள்.

சிவப்பு.

நீக்குவதற்கு முன் மாதவாரியான வரைபடத்தைத் திறந்தாள். விதிப்படி அதற்குத் தேவையில்லை. இன்னும் சற்று நேரம் அந்தப் பெயர் திரையில் இருக்கட்டும் என்று தோன்றியது.

கம்பங்கள் ஒரே உயரத்தில் நின்றன. ஆகஸ்ட். செப்டம்பர். அக்டோபர். நவம்பர்.

அக்டோபர்.

அந்த மாதம் பிறந்ததுமே அவளுடைய இரு கண்களுக்கும் அடுத்தடுத்துக் கண்புரை அறுவை நடந்தது. மாதம் முடியும் வரை எந்தத் திரையையும் பார்க்கலாகாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். மகள் கைப்பேசியை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். கறுப்புக் கண்ணாடி அணிந்து, சன்னலுக்கு வெளியே பெய்யும் மழையைக் கேட்டுக்கொண்டு கிடந்தாள்.

அவள் எதையும் தேடவில்லை.

கம்பம் சிறிதும் தாழவில்லை.

சுபாஷிணியிடம் சொல்லவில்லை. சிவப்பை அகற்றிப் பச்சை இட்டாள். காரணம் கேட்கும் கட்டத்தில், இச்சொல்லுக்குப் போட்டியாளர் எவருமில்லை என்று எழுதினாள்.

பொய்யன்று.

பிறகு பக்கத்தை எழுதத் தொடங்கினாள். செய்முறையை ஒழுங்காக, ஒன்றன்பின் ஒன்றாக எழுதினாள். நன்னாரி. மாதுளைச் சாறு. எலுமிச்சை. ஊறவைத்த சப்ஜா விதை. நொறுக்கிய ஐஸ்.

கடைசி வரிக்கு வந்ததும் விரல்கள் நின்றன. அறியாமலே தோளுக்குப் பின்னால் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள்.

எழுதினாள்.

உப்பு சேர்க்கத் தேவையில்லை.

பக்கத்தின் அடியில், வாசகர் கருத்துக்கான பெட்டி எப்போதும்போல் மூடியிருந்தது.

அதைத் திறந்து வைத்தாள்.