ஏழில் ஒரு பங்கு

கண்டிக்குப் பக்கத்தில் பிலிமத்தலாவைச் சரிவில் இருந்த ஆறு ஏக்கர் கோப்பித் தோட்டத்தை மரியநாயகம் இந்த மாதத்துக்குள் விற்றாக வேண்டும். வாங்குகிறவர் அதிகம் கேள்வி கேட்காதவராகவும் இருக்க வேண்டும்.

ஹந்தானையில் ஒரு துரையிடம் பதினெட்டு வருடம் கணக்கப்பிள்ளையாக இருந்து சேர்த்ததெல்லாம் அந்த மண்ணில்தான் கிடந்தது. சென்ற வருடம் அதை அவருக்கு விற்ற முதியான்சே, எல்லைக் கல் நான்கையும் தொட்டுக் காட்டினான்; உறுதிப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டான். காட்டாமல் விட்டது தன் உடன்பிறப்புகளை மட்டும்தான். அந்த ஆறு பேரும் போன வாரம் வாசலில் வந்து நின்றார்கள்.

"தம்பி வித்தது அவனோட பங்கு மட்டுந்தான்," என்றார் மூத்தவர், தெரிந்த தமிழில், மிகவும் மரியாதையாக. "ஏழுல ஒன்னு. மிச்சம் எங்களோடது. அடுத்த மாசம் வழக்குப் போடுறோம். கோவிச்சுக்க வேணாம்."

முதியான்சே ஊரிலேயே இல்லை. வாங்குவதற்கு முன், அவன் அப்பாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று அக்கம்பக்கத்தில் ஒரு வார்த்தை விசாரித்திருக்கலாம். கோப்பி விலை ஏறிய வேகத்தில் யார் விசாரித்தார்கள்?

மூன்றாம் நாளே இருளப்பன் கங்காணி வந்து சேர்ந்தார். ஏதோ ஒரு துரை கழித்துப்போட்ட கோட்டு, வெறுங்கால், எதற்கெடுத்தாலும் ஒரு சிரிப்பு.

"இருவது வருசம் அடுத்தவங்க தோட்டத்துல மாரடிச்சாச்சுங்கய்யா. இனி சொந்தமா கொஞ்சம் மண்ணு வேணும். எனக்கு எழுத்துப் படிப்பு கெடையாது. உறுதியெல்லாம் நீங்க பாத்துச் சொன்னா சரிதாங்க."

மரியநாயகம் விலையைச் சொன்னார். கங்காணி பேரம்கூடப் பேசவில்லை. அடுத்த திங்கட்கிழமை கண்டியில் பத்திரம் எழுதும் நொத்தாரிசு வீட்டில் பணத்தைக் கொடுத்து உறுதி முடிப்பதென்று இருவரும் வெற்றிலை மாற்றிக்கொண்டார்கள்.

அவர் போனதும் மனைவி தெரேசா சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

"ஏங்க, அந்த ஆறு பேரைப் பத்திச் சொன்னீங்களா?"

"சொன்னா வாங்குவாரா?"

"புள்ளகுட்டிக்காரர் மாதிரி இருக்காரு. பாவமுங்க."

"நம்மள ஏமாத்தினவன் பாவம் பாத்தானா?"

அன்று தெரேசா அந்தோனியார் படத்துக்கு முன்னால் வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் நின்றாள்.

திங்கட்கிழமைக்கு இன்னும் ஆறு நாள் இருந்தது. அதற்குள் யாராவது கங்காணியின் காதில் எதையாவது போட்டுவிட்டால்? தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க அவர் மறுநாள் வந்தபோது மரியநாயகம் முந்திக்கொண்டார்.

"கங்காணி, இந்த வருசப் பழம் ஒங்களுக்குத்தான். இப்பவே ஆளைக் கூட்டியாந்து பறிச்சுக்குங்க."

இருளப்பன் பதறிப்போனார். "ஐயையோ! உறுதி முடியாம ஒங்க பழத்துல கை வைக்கலாமுங்களா?"

"தோட்டமே ஒங்களோடதுன்னு சொல்றேன், அப்புறமென்ன?"

பழத்தைப் பறித்துவிட்டால் தோட்டம் அவர் கைக்குப் போன மாதிரிதான். பிறகு யார் என்ன சொன்னாலும் பின்வாங்க முகம் இருக்காது. ஆறு பேரும் சண்டை போடுவதென்றால் அவரோடு போட்டுக்கொள்ளட்டும். மரியநாயகம் வற்புறுத்த வற்புறுத்த இருளப்பன் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார். கடைசியில், ஐயாவின் மனம் நோகக்கூடாதே என்று ஒப்புக்கொண்டார்.

இருபத்திரண்டு பேர் வந்தார்கள். மூன்று பகல், ஒரு கொப்பும் ஒடியாமல் அவ்வளவு பக்குவமாகப் பறித்தார்கள். சாக்குகளை மரியநாயகமே எடுத்துக் கொடுத்தார். மாட்டு வண்டி இரண்டும் அவர் பேசிவிட்டதுதான். தெரேசா அத்தனை பேருக்கும் சோறும் கருவாட்டுக் குழம்பும் ஆக்கிப் போட்டாள். இருளப்பனின் இலையில் கருவாடு கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது. ஆனால் அவர் முகத்தை அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கடைசி வண்டி கண்டிச் சாலையில் திரும்பும்போது இருளப்பன் கைகூப்பினார்.

"ஒங்கள மாதிரி ஒரு மனுசரை நான் பாத்ததே இல்லீங்கய்யா."

மரியநாயகத்துக்கே ஒரு நிமிடம் உண்மையைச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. முதியான்சேயை நினைத்துச் சமாளித்தார்.

திங்கட்கிழமை காலையில் நொத்தாரிசு வீட்டு விறாந்தைக்குப் போனபோது, அங்கிருந்த நீள வாங்கில் ஏற்கெனவே நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் மடியிலும் உறுதிக் கட்டு. மரியநாயகம் ஓரமாக இடம் பிடித்தார். பத்து மணியாயிற்று. பதினொன்றும் ஆயிற்று.

பக்கத்தில் இருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார். கட்டுகஸ்தோட்டைக்காரர், பெயர் சாஹுல் ஹமீது.

"தம்பியும் தோட்டம் விக்கத்தானா?"

"ஆமாங்க. வாங்குறவரு வந்துக்கிட்டு இருக்காரு."

"எனக்கும் ஒராள் வாறாரு." பெரியவர் குரலைத் தாழ்த்தினார். "எங்கட காணி அரசாங்கத்துக் காணின்டு கச்சேரி ஆபீசுல இருந்து கடுதாசி வந்தீக்கி. அவருக்கு அது தெரியா. வெள்ளந்தி மனிசன். உறுதிக்கு முந்தியே பழத்தைப் பறிங்கன்டு நான்தான் மல்லுக்கட்டிச் சம்மதிக்க வச்சேன்."

மரியநாயகத்தின் புன்னகை பாதியில் நின்றது.

"அவரு... பேரு என்னங்க?"

"இருளப்பன் கங்காணி," என்றார் சாஹுல் ஹமீது, சற்று உரக்கவே.

வாங்கின் அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்த மற்ற மூன்று பேரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.