எதிர் நாற்காலி

ஜொசியான் தட்டை வழித்துச் சாப்பிட்டாள். ஒருவழியாக நல்ல சாப்பாட்டுக்கடை ஒன்று அகப்பட்டுவிட்டது.

கன்றிறைச்சி வாயில் வைத்ததும் கரைந்தது. வெள்ளைக் குழம்பில் மைக்ரோவேவ் வாடை இல்லை, பாக்கெட் ருசி இல்லை.

இந்த வாரம் முழுக்கப் பாரிஸில் அவள் ஏறி இறங்காத பிஸ்த்ரோ இல்லை, அந்தச் சின்னச் சாப்பாட்டுக்கடைகளில் ஒன்று பாக்கியில்லை. ஒரு இடத்தில் வெங்காய சூப் என்று கழுநீரை வைத்தான். இன்னொன்றில் சுற்றுலாக்காரர்களை மொட்டையடிக்கப் படம் போட்ட மெனு அட்டை. ஒவ்வொன்றிலிருந்தும் வயிறெரிந்துதான் வெளியே வந்தாள்.

எல்லாம் வீட்டுக்காரர் ரெய்மோனால்.

"நல்ல பிஸ்த்ரோன்னு இந்த ஊர்ல இனி எதுவுமே இல்ல ஜொசி. உன் கைக்கு மிஞ்சி எவன் சமைக்கிறான்?"

கல்யாணமான நாளிலிருந்து இதே பாட்டு. இதைச் சொல்லிச் சொல்லியே மகானுபாவர் அவளை அடுப்படியைவிட்டு நகரவிட்டதில்லை. சனிக்கிழமை அவருக்குப் பிறந்தநாள். இங்கே உட்காரவைத்து, இந்தக் குழம்பாலேயே அந்த வாயை அடைக்க வேண்டும்.

கல்லாவுக்குப் போய், சனிக்கிழமை இரண்டு பேருக்கு மேசை வேண்டும் என்றாள். முதலாளியம்மா பென்சிலைத் தேடினாள்.

பக்கத்துச் சுவரில் சின்னச் சின்ன மர மாடங்கள். வாடிக்கையாக வருகிறவர்கள் தங்கள் வாய் துடைக்கும் துணிகளை அவற்றில் மடித்து வைத்திருந்தார்கள். பழைய பிஸ்த்ரோக்களில் அப்படித்தான்.

ஒரு துணியின் ஓரத்தில் இஸ்திரிப் பெட்டி சுட்ட தழும்பு. பக்கத்தில் சிவப்பு நூலில் ரெய்மோனின் முதலெழுத்து. அவளே தைத்தது. போன குளிர்காலத்தில் இதைக் காணோமென்று வீட்டையே புரட்டித் தேடினாள். நீதான் தொலைத்திருப்பாய் என்று அவளுக்குத்தான் திட்டு விழுந்தது.

"இது யாரோடதுங்க?"

"மெஸ்யூ ரெய்மோனோடது, மதாம். வியாழக்கிழமை தவற மாட்டார். பாவம், சம்சாரம் போய்ச் சேர்ந்துட்டாங்களாம். வீட்ல ஆக்கிப்போட ஆளில்ல. நானும் ஒரு கரண்டி கூடவே ஊத்துவேன்."

வியாழக்கிழமை. முழங்கால் வைத்தியம் என்று அவர் தாங்கித் தாங்கிப் போகிற நாள்.

ஜொசியானுக்கு உச்சி வரை எரிந்தது. அவளைப் புதைத்துவிட்டு இங்கே வயிறாரத் தின்றிருக்கிறார். தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து, அவள் வைத்த சூப்பில் உப்பு குறை என்றும் சொல்லியிருக்கிறார்.

பென்சில் கிடைத்துவிட்டது. "சனிக்கிழமை, ரெண்டு பேரு. சரிதானே மதாம்?"

"சனிக்கிழமை வேணாம். வியாழக்கிழமை போடுங்க. அவர் மேசையிலேயே, எதிர் நாற்காலி."

"என்ன பேர்ல எழுதட்டும்?"

"செத்துப்போன சம்சாரம்னு எழுதுங்க."